கலைவழிக் கற்பித்தலும் ஆசிரியர் கையேடுகளின் மொழியும்

0. முன்னுரை

பள்ளிக் கல்வியில் கலைக்கு இடம் வேண்டும் என்னும் கருத்து இந்தியாவில் இன்று எவராலும் மறுக்கப்படுவதன்று. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டிக் கலை, இசை, நடனம், நாடகம் ஆகியன குறித்த தனி நிலைப்பாட்டறிக்கை ஒன்று சுபா முத்கல் தலைமையிலான குழுவால் உருவாக்கப்பட்டது. 2019இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் கலை ஒருங்கிணைந்த கற்றலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கலை ஒருங்கிணைப்பை எல்லாப் பாடங்களையும் ஊடறுத்துச் செல்லும் கற்பித்தல் அணுகுமுறையாக ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவில் இனி வாதிடுவதற்கு ஒன்றும் இல்லை எனலாம்.

ஆயினும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்குக் கொள்கை நேரே வந்து சேர்வதில்லை. அது கையேடாக, பயிற்சிக் கட்டகமாக, சுற்றறிக்கையாக, பெரும்பாலும் மொழிபெயர்ப்பாக வந்து சேர்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'நிஷ்டா' பணியிடைப் பயிற்சித் திட்டம் ஏறத்தாழ 42 இலட்சம் தொடக்க நிலை ஆசிரியர்களை இலக்காகக் கொண்டது; கலை ஒருங்கிணைந்த கற்றல் அதன் கட்டகங்களுள் ஒன்று. இத்துணைப் பெருந்தொகையினரை நேரில் கண்டு செய்துகாட்டுதல் இயலாது. முதன்மைக் கருத்தாளர், கருத்தாளர், ஆசிரியர் எனப் படிப்படியாக இறங்கிவரும் பயிற்சியில் கடைசிவரை மாறாமல் வருவது எழுதப்பட்ட சொல் ஒன்றே. எனவே அச்சொல்லின் இயல்பை ஆராய்வது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய கடமையாகிறது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுவே: ஆசிரியர்க்குக் குறைவாக இருப்பது கலைத்திறனோ ஆர்வமோ அன்று, இன்ன பாடத்தில், இன்ன பொருளைக் கொண்டு, இன்னது செய்க, குழந்தை இவ்வாறு எதிர்வினை செய்யின் அதனை இவ்வாறு புரிந்துகொள்க என்று சொல்லும் வினைமொழி கையேடுகளில் குறைவாக உள்ளது. இக்குறை மூலத்திலேயே தொடங்கி மொழிபெயர்ப்பில் மிகுகிறது.

1. 'கலை' என்னும் சொல்லின் பரப்பு

'கலை' என்னும் சொல்லை வடமொழிக் 'கலா' என்பதனோடு தொடர்புறுத்துவாரும், 'கல்' என்னும் வினையடியிலிருந்து வருவிப்பாரும் உளர். வரலாறு எதுவாயினும், தமிழ் வழக்கில் இச்சொல் ஓவியம், இசை, கூத்து ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. அறிவுத் துறைக்கு உரிய சொல்லைக் 'கலைச்சொல்' என்கிறோம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அறிவுத் தொகுப்புக்குக் 'கலைக்களஞ்சியம்' என்று பெயர் சூட்டப்பட்டது. பள்ளியில் கற்பிக்கப்படுவன அனைத்தின் ஒழுங்கமைப்புக்கும் 'கலைத்திட்டம்' என்றே பெயர். மரபுவழி வரும் 64 கலைகளின் பட்டியல் எழுத்திலக்கணத்தையும் கணிதத்தையும் இசையோடும் கூத்தோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. முத்தமிழ் என்னும் பாகுபாடும் இயலை இசைக்கும் நாடகத்திற்கும் உடன்பிறப்பாகவே கொள்கிறது.

எனவே தமிழில் 'கலை' என்பதும் 'பாடம்' என்பதும் தொடக்கத்திலேயே பிரிந்து நின்றவை அல்ல. ஆங்கில மூலத்தை ஒட்டி 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்னும் தொடர் அமையும்போது, கலை ஒருபுறமும் கற்றல் மறுபுறமுமாக இரு பொருள்கள் முன்னரே பிரிக்கப்பட்டு, பின்னர் இணைக்கப்படுகின்றன. 2019 வழிகாட்டு நெறிகள் கலையைக் காட்சிக்கலை, நிகழ்த்துகலை எனப் பகுத்து நோக்குவதால் கதை சொல்லல், விடுகதை, சொல்விளையாட்டு போன்ற மொழிசார் கலைகள் பின்னிடம் பெறுகின்றன. அறிவிப்புப் பலகையில் ஒட்டத்தக்கதும் மேடையில் ஏற்றத்தக்கதும் கலையாகின்றன. நாள்தோறும் வகுப்பில் ஆசிரியர் சொல்லும் கதை கலையாக எண்ணப்படாமல் போகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. 'கலை' என்று கேட்டவுடன் ஓவியனையும் பாடகனையும் நினைக்கும் ஆசிரியர், தமக்கு அத்தகுதி இல்லை என்று ஒதுங்குகிறார். தாம் ஏற்கெனவே செய்துவருவதன் ஒரு பகுதி கலையே என்பதை அவருக்குச் சொல்லும் ஒரு தொடர் கையேட்டில் இருப்பின், தொடக்கமே வேறாக அமைந்துவிடும்.

2. தன்வினையும் பிறவினையும்

'ஒருங்கிணைந்த' என்னும் பெயரெச்சமும் கருதத்தக்கது. இணை என்னும் வினை தமிழில் தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும்: இணைந்தது, இணைத்தது. 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்பது தன்வினை வடிவம். கலை தானே வந்து கற்றலோடு சேர்ந்துகொண்டது போன்ற பொருளை அது தருகிறது. சேர்ப்பவர் யார், எவ்விடத்தில், எதற்காகச் சேர்க்கிறார் என்பன தொடரினின்று மறைந்துவிடுகின்றன. 'கலையை இணைத்துக் கற்பித்தல்' என்றால் வினைமுதலாகிய ஆசிரியர் உடனே தோன்றுகிறார். எதனோடு இணைப்பது என்னும் வினாவும் எழுகிறது.

இந்தியில் இதற்கு வழங்கும் தொடரும் இவ்வகைச் சிக்கலுக்கு விலக்கன்று. 'கலா சமேகித அதிகம' என்னும் அத்தொடரின் இறுதிச் சொல் கற்றலைக் குறிக்கும் வடசொல். தமிழில் மிகுதியைக் குறிக்கும் 'அதிகம்' அன்று. வகுப்பறையில் வழங்கும் 'சீக்னா' என்னும் இயல்பான வினை அங்கே இடம்பெறவில்லை. இருமொழியிலும் கலைச்சொல்லாக்கம் ஒரே திசையில் சென்றுள்ளது: வினையைப் பெயராக்கி, பெயரை உயர்வழக்காக்கி, செய்பவரை மறைத்துவிடுகிறது. கலைச்சொல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கலைச்சொல்லின் இந்த இயல்பு கையேட்டின் வாக்கியங்கள் அனைத்திற்கும் பரவும்போதுதான் இடர் உண்டாகிறது.

3. செயலைச் சொல்லிய நூல்கள்

இந்தியக் கல்வி மரபில் இதற்கு மாறான நடையில் எழுதப்பெற்ற நூல்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் சிலவற்றை நோக்குதல் ஒப்பீட்டிற்குத் துணைசெய்யும்.

குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'திவாஸ்வப்ன' ஒரு கற்பனை ஆசிரியரின் ஓராண்டுச் சோதனையைக் கூறுவது. கல்வி அதிகாரியின் இசைவுடன் நான்காம் வகுப்பை ஏற்கும் இலட்சுமிராம் முதல் நாளில் அமைதி விளையாட்டு ஒன்றை முயன்று தோல்வியுறுகிறார். வகுப்பில் கூச்சலே மிஞ்சுகிறது. பின்னரே கதையைக் கைக்கொள்கிறார். கதையிலிருந்து வாசிப்பும், விளையாட்டிலிருந்து இலக்கணமும், நடிப்பிலிருந்து மொழியும் வளர்கின்றன. இந்நூலின் சிறப்பு அது தோல்வியை மறைக்காமையில் உள்ளது. ஒரு செயல் பலிக்காதபோது ஆசிரியர் அடுத்து என்ன செய்தார் என்பதையே படிக்கும் ஆசிரியர் தேடுகிறார். இன்றைய கையேடுகளில் எந்தச் செயலும் தோற்பதில்லை. எனவே தோற்ற ஆசிரியருக்கு அவற்றில் இடமும் இல்லை.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, பாடங்களைக் கைத்தொழிலோடு தொடர்புறுத்திக் கற்பிக்க முனைந்தது. அதனை வடிவமைத்த சாகிர் உசேன் குழு, கைத்தொழில் ஒன்றனை மட்டும் மையமாகக் கொள்ளவில்லை. இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகியவற்றையும் தொடர்புக்குரிய மையங்களாக வைத்தது. எல்லாவற்றையும் ஒரே கருவியோடு பிணைத்தால் தொடர்பு செயற்கையாகிவிடும் என்பதற்கு இம்மூவகைப் பகுப்பே ஒரு காப்பு. கலை ஒருங்கிணைப்பு பற்றிய இன்றைய பேச்சில் இக்காப்பு மறக்கப்பட்டுள்ளது.

சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் பயின்று, 1944 முதல் சேவாகிராமத்தில் கலையாசிரியராகப் பணிபுரிந்த தேவி பிரசாத், தம் வகுப்பறைப் பட்டறிவை முதலில் இந்தியில் எழுதினார். 1998இல் அது 'கலை, கல்வியின் அடிப்படை' என்னும் பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் வெளிவந்தது. குழந்தையின் படத்தை வளர்ந்தோரின் அளவுகோலால் அளக்கலாகாது என்பதும், படியெடுக்கச் செய்தல் குழந்தையின் பார்வையை மழுங்கடிக்கும் என்பதும் அவர் வற்புறுத்துவன. படத்தைத் திருத்துவதற்கு மாறாக அதனைப் படிக்க ஆசிரியர் கற்க வேண்டும் என்பதே அந்நூலால் பெறப்படும் பாடம்.

மொழிப்பாடத்தில் கலை எவ்வாறு உள்ளிருந்தே இயங்கும் என்பதற்குத் தாகூரின் 'சகஜ பாட்' சான்றாகும். 1930இல் வெளிவந்த இவ்வங்காள மொழித் தொடக்கநூல் நந்தலால் போஸின் படங்களோடு அமைந்தது. எழுத்தறிமுகமே சந்தத்தோடு நிகழ்கிறது. படம் சொல்லுக்கு விளக்கக் குறிப்பாக நின்றுவிடாமல் சொல்லோடு உடன் செல்கிறது. இங்கே பாடத்தோடு கலையை இணைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

1986இல் யூனிசெஃப் வெளியிட்ட கிருஷ்ண குமாரின் குழந்தை மொழியும் ஆசிரியரும் பற்றிய கையேடு அளவில் சிறியது. ஒரு படத்தைக் காட்டிக் குழந்தைகளோடு உரையாடும்போது எவ்வெவ்வகை வினாக்களைக் கேட்கலாம் என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. படத்தில் இருப்பதைக் கண்டு சொல்லும் வினாவிலிருந்து காரணம் கேட்கும் வினாவுக்கும், அடுத்து என்ன நிகழும் என்று எண்ணச் செய்யும் வினாவுக்கும் ஆசிரியரை அது நடத்திச் செல்கிறது. படித்த மறுநாளே வகுப்பில் செய்துபார்க்கத்தக்க நடை அது.

4. வழிகாட்டி நடை

இந்நூல்களை அரசு வழிகாட்டிகளோடு ஒப்பிடும்போது நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. 2019 வழிகாட்டு நெறிகள் விளைபொருளினும் செயல்முறையே முதன்மை என்று வற்புறுத்துகின்றன. கலையைத் தனிப் பாடவேளையில் அடைத்துவிடாமல் எல்லாப் பாடங்களிலும் நுழைக்க வேண்டும் என்கின்றன. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. குறை நடையில் உள்ளது.

இவ்வகைக் கையேடுகளின் வாக்கிய அமைப்பை விளக்க மாதிரி ஒன்றை அமைத்துக் காட்டலாம்: 'கற்போரின் படைப்பாற்றல் வெளிப்பாட்டிற்கான வாய்ப்புகளை வழங்குதலின் மூலம் கருத்துருப் புரிதலின் மேம்பாடு உறுதிசெய்யப்படுகிறது.' இவ்வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றே. அதுவும் செயப்பாட்டு வினை. வெளிப்பாடு, வாய்ப்பு, வழங்குதல், புரிதல், மேம்பாடு ஆகியன வேற்றுமை உருபுகளால் கோக்கப்பட்ட பெயர்கள். யார் வழங்குவது, எதை வழங்குவது, எப்போது வழங்குவது என்பவற்றிற்கு விடை இல்லை. ஆங்கிலத்தில் இவ்வகைப் பெயராக்கம் ஆட்சிமொழி நடையின் இயல்பாக நிற்கிறது. தமிழில் அதனை அவ்வாறே கொணரும்போது, வினை இறுதியில் வரும் மொழியமைப்பின் காரணமாகப் படிப்பவர் ஐந்து பெயர்களைச் சுமந்துகொண்டு முற்றுவினைக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. வந்துசேரும் வினையும் ஒன்றையும் செய்யச் சொல்வதில்லை.

இதே கருத்தை வேறு வகையில் எழுதலாம்: 'ஒவ்வொரு குழுவுக்கும் கைப்பிடியளவு களிமண் கொடுங்கள். ஆறு மலையில் தொடங்கிக் கடலில் சேரும் வழியை அமைக்கச் சொல்லுங்கள். பின்னர் மலைமேல் சிறிது நீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர் எங்கே தேங்கியது, ஏன் தேங்கியது என்று கேளுங்கள்.' நான்கு வாக்கியங்களிலும் வினை உண்டு; பொருள் உண்டு; வரிசை உண்டு. கடைசி வாக்கியம் கலையிலிருந்து புவியியலுக்குப் பாலம் அமைக்கிறது. இவ்விரு வகை எழுத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எளிமை, கடினம் என்னும் அளவில் நிறுத்திவிடலாகாது. முன்னது மதிப்பை அறிவிக்கிறது. பின்னது செயலை நிகழ்த்தச் செய்கிறது.

5. ஒப்பனையும் ஒருங்கிணைப்பும்

வினைமொழி இருந்தால் மட்டும் போதாது. செய்யச் சொல்லும் செயல் பாடத்தின் உட்பொருளைத் தொடுகிறதா என்பதும் ஆராயத்தக்கது. நீர்ச்சுழற்சி பற்றிய பாடத்தில் நூலிலுள்ள படத்தைப் பெரிய தாளில் வரைந்து வண்ணம் தீட்டச் செய்தல் பரவலாகக் காணப்படுவது. அங்கே குழந்தை நீர்ச்சுழற்சியைப் பற்றிப் புதிதாக எதையும் எண்ணவில்லை. வண்ணத்தைப் பற்றியும் எண்ணவில்லை. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கலையை நீக்கிய பின்னரும் பாடம் மாறாது நிற்குமாயின் அது ஒப்பனை. கலையை நீக்கினால் பாடத்தின் ஒரு கூறே புரியாது போகுமாயின் அதுவே ஒருங்கிணைப்பு.

கணிதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் 'தகதிமி' என நான்கு எண்ணிக்கையையும், மற்றவர் 'தகிட' என மூன்று எண்ணிக்கையையும் ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கைதட்ட வேண்டும். இரு பகுதியினரின் கைதட்டலும் 1, 13, 25 ஆகிய எண்ணிக்கைகளில் ஒன்றாக விழும். 12 என்னும் மீச்சிறு பொது மடங்கு செவிக்குப் புலனாகிறது. அடுத்து நான்கையும் ஆறையும் எடுத்துக்கொண்டால், பெருக்கிக் கண்ட 24க்குக் காத்திருக்கும் குழந்தைகளின் கைகள் 12 எண்ணிக்கைக்குப் பின்னரே சேர்ந்துவிடுகின்றன. பெருக்கற்பலனும் மீச்சிறு பொது மடங்கும் எப்போதும் ஒன்றல்ல என்னும் உண்மையை இங்கே தாளமே உணர்த்துகிறது. ஆசிரியர் இசை கற்றவராக இருக்க வேண்டியதில்லை; சீராக எண்ணத் தெரிந்தால் போதும்.

இலக்கணத்திலிருந்து மற்றோர் எடுத்துக்காட்டு: நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி பாடநூல்களில் பட்டியலாகத் தரப்படுகிறது, 'நான்' என்பது 'தான்' ஆகும், 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும் என்பது போல. இதனை நடிப்பாக மாற்றலாம். வகுப்பின் ஒரு மூலை பள்ளி, மறுமூலை வீடு. திங்கட்கிழமை பள்ளியில் ஒருவன், 'நான் நாளை இங்கு வருவேன்' என்கிறான். தூது செல்பவள் செவ்வாய்க்கிழமை வீட்டில் அச்செய்தியைச் சொல்கிறாள். அவள் 'மறுநாள்' என்று சொல்வாளா? 'தான் இன்று அங்கு வருவதாகச் சொன்னான்' என்பதே அவள் வாயில் இயல்பாக வரும். அதே செய்தியைப் புதன்கிழமை சொன்னால் 'நேற்று' என்று மாறும். காலச்சொல்லும் இடச்சொல்லும் பேசுவோன் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் பற்றி நிற்பவை என்னும் மொழியியல் உண்மையைப் பட்டியல் மறைக்கிறது, நடிப்பு வெளிப்படுத்துகிறது. இங்கே நாடகம் நீக்கப்பட்டால் இலக்கணத்தின் உயிர்க்கூறு ஒன்று நீங்கிவிடுகிறது.

6. மொழிக்கு மொழி மாறும் செயல்கள்

மேற்காட்டிய நடிப்பை இந்தியில் அப்படியே நிகழ்த்தினால் விளைவு வேறாக இருக்கும். இந்தியில் 'கி' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின் நேர்கூற்று வடிவமே பெரும்பாலும் மாறாது நிற்கும். ஆங்கிலத்தில் காலங்காட்டும் வினைவடிவமும் மாறும். தமிழிலோ 'என்று' சேர்த்து நேர்கூற்றைப் பேணவும் இயலும். '-ஆக' சேர்த்து அயற்கூற்றாக்கவும் இயலும். எனவே ஒரு மொழியில் வகுக்கப்பட்ட கலைச்செயலைப் பிறமொழிக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பயனற்றதாகலாம். சில வேளைகளில் தவறான இலக்கணத்தைக் கற்பிப்பதாகவும் முடியலாம்.

ஒலிப்பயிற்சியிலும் இந்நிலையே. ஆங்கிலக் கையேடுகள் ஈற்றொலி ஒன்றும் சொற்களைத் திரட்டச் சொல்லும். தமிழில் இயைபு உண்டெனினும், எதுகையும் மோனையுமே செவிக்கு முதலில் எட்டுவன. குழந்தைப் பாடல்களும் அவற்றையே பற்றிச் செல்கின்றன. அசைக்கு ஒரு கைதட்டல் என்னும் பயிற்சியைத் தமிழில் மாத்திரைக்கு ஒரு கைதட்டல் என மாற்றினால், கல், கால் எனவும் படு, பாடு எனவும் வரும் குறில் நெடில் வேறுபாடு கையில் உணரப்படும். நெடிலுக்கு இருமுறை தட்டிய குழந்தை, எழுதும்போது காலை விட்டுவிடும் பிழையைத் தானே கண்டுகொள்ள வழி பிறக்கும். இங்கே மொழிபெயர்ப்பாளர் செய்தது வெறும் சொல்மாற்றம் அன்று. பாடத்தையே அம்மொழியின் ஒலியமைப்புக்கு ஏற்ப மீட்டமைத்துள்ளார்.

பள்ளி மொழி வீட்டு மொழியினின்று வேறாக உள்ள குழந்தைகளிடத்து இது மேலும் இன்றியமையாததாகிறது. ஒடிசாவில் 2007ஆம் ஆண்டளவில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கப்பெற்ற பன்மொழிக் கல்வித் திட்டம் சவரா, குயி, ஜுவாங், சந்தாளி முதலிய மொழிகளில் தொடக்கநூல்களை உருவாக்கியபோது, அச்சமூகங்களின் பாடல்களையும் கதைகளையுமே பாடப்பொருளாகக் கொண்டது. அங்கே பாட்டைப் பாடத்திற்கு மேற்பூச்சு எனல் பொருந்தாது. ஒடியா பேச இயலாத குழந்தை பள்ளியில் தன் குரலைக் கேட்கும் முதல் இடம் அது. கலையை இத்தகைய இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, அது வசதியுள்ள பள்ளிகளின் அணிகலன் என்னும் எண்ணம் தானே விலகுகிறது.

7. மதிப்பீடும் சுற்றறிக்கையும்

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019இல் கலை ஒருங்கிணைப்பைக் கட்டாயமாக்கி, 2020இல் 1 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்குக் கலை ஒருங்கிணைந்த செயல்திட்டங்களை வகுத்தது. 9, 10ஆம் வகுப்புகளில் குறைந்தது ஒரு செயல்திட்டமேனும் இணை மாநிலத்தின் கலைவடிவத்தைத் தழுவி அமைய வேண்டும் என்றது. 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் தமிழ்நாடு ஜம்மு காஷ்மீருடன் இணைக்கப்பட்டிருந்தது. பிற மாநிலக் கலையை மாணவர் அறிதல் நன்றே. எனினும் கேட்டும் பார்த்தும் பழகாத கலைவடிவம் ஒன்றைச் செயல்திட்டமாக அளிக்குமாறு கேட்கும்போது, கலை பட்டறிவாக இல்லாமல் தகவலாக மாறும் இடர் உண்டு. படங்களைத் திரட்டி ஒட்டிய தொகுப்பேட்டில் கைத்திறன் இருக்கலாம். கலை நிகழ்ந்ததா என்பது ஐயத்திற்குரியது.

மேலும், செயல்திட்டம் என்பது ஆண்டின் ஒரு நிகழ்ச்சி. 40 நிமிடப் பாடவேளையில், பல்வகுப்புகளை ஒருங்கே நடத்தும் ஆசிரியர்க்கு வேண்டுவது ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் பெருஞ்செயல் அன்று. வாரத்தில் இருமுறையேனும் பாடக்குறிப்பில் ஒரு வரியாக இடம்பெறத்தக்க சிறுசெயல். மதிப்பெண்ணுக்கு உரியது விளைபொருள் என்றாகும்போது, செயல்முறையே முதன்மை என்று வழிகாட்டி நெறி கூறியது சுற்றறிக்கையில் கைவிடப்படுகிறது. ஒரே கொள்கையின் இரு ஆவணங்கள் இருவேறு மொழி பேசுகின்றன. ஆசிரியர் இரண்டாவதற்கே செவிசாய்ப்பார், ஏனெனில் கணக்குக் கேட்பது அதுவே.

இதற்கு மாற்று, மதிப்பீட்டையும் வினைமொழியில் அமைப்பதாகும். 'படைப்பாற்றல்: நன்று' என்னும் பதிவால் அடுத்த நாள் பாடத்திற்கு யாதொரு பயனும் இல்லை. 'தூதுப் பெண்ணாக நடித்தபோது இங்கு என்பதை அங்கு என மாற்றினாள். நாளை என்பதை மாற்றவில்லை' என்னும் பதிவு, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. தேவி பிரசாத் படத்தைப் படிக்கச் சொன்னதும் இவ்வகைப் பதிவையே நோக்கியதாகும்.

8. மொழிபெயர்ப்பாளர் பணி

மேற்கூறியவற்றால் ஆசிரியர் கையேட்டை மொழிபெயர்ப்போர் கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன.

(1) பெயராக்கங்களை அவிழ்த்து வினையாக்குதல் வேண்டும். வினையாக்கும்போது வினைமுதல் யார் என்று புலப்படாத இடங்கள் மூலத்திலேயே தெளிவற்றவை. அவற்றை மூல ஆசிரியரிடம் கேட்டுத் தெளிதல் மொழிபெயர்ப்பாளரின் உரிமையாக ஏற்கப்பட வேண்டும்.

(2) ஆசிரியரின் தொழில்வழக்கில் உள்ள சொற்களாகிய பாடவேளை, பாடக்குறிப்பு, கரும்பலகை, அட்டை, குழு ஆகியவற்றைப் போற்றுதல் வேண்டும். புதுச்சொல் படைப்பது கலைச்சொல்லுக்கு மட்டும் உரியது, செயல்விளக்கத்திற்கு உரியதன்று.

(3) மொழியமைப்பைச் சார்ந்த செயல்களை மொழிபெயர்க்காமல் மீட்டமைத்தல் வேண்டும். இதற்கு மொழியியலார் துணை தேவை. எந்தச் செயல் எந்த ஒலி, சொல், தொடர் அமைப்பைச் சார்ந்துள்ளது என்று குறித்துத் தரும் பட்டியல் ஒவ்வொரு இந்திய மொழிக்கும் உருவாக்கப்படலாம்.

(4) மொழிபெயர்ப்பு முடிந்த கையேட்டைப் புலவர் குழு திருத்துவதோடு நில்லாமல், ஆசிரியர் ஒருவர் அதனைப் படித்து வகுப்பில் செய்துபார்த்தல் வேண்டும். அவர் எவ்விடத்தில் நின்று, 'இதற்கு என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கிறாரோ, அவ்விடத்தில் மொழிபெயர்ப்பு முடிவடையவில்லை.

இந்நெறிகளுக்கு ஒரு மறுப்பு எழலாம். செயலை வரிவரியாகச் சொல்லிவிட்டால் ஆசிரியர் இயந்திரமாகிவிடுவார். கலைக்குரிய தன்னுரிமை கெடும் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆயினும் தன்னுரிமை வெறுமையிலிருந்து பிறப்பதன்று. இசை பயில்வோன் வரிசைகளைப் பாடிப் பழகிய பின்னரே கற்பனைக்கு வருகிறான். நான்கும் மூன்றும் தட்டிப்பார்த்த ஆசிரியர், ஐந்தும் ஏழும் என்ன ஆகும் என்று தாமே கேட்பார். பெருங்கருத்துகளை மட்டும் பெற்றவர்க்கு அவ்வாறு கேட்கத் தொடங்க ஓரிடம் கிட்டுவதில்லை.

9. முடிவுரை

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் 2024இல் மூன்றாம் வகுப்பிற்குப் 'பான்சுரி' என்றும் ஆறாம் வகுப்பிற்குக் 'கிருதி' என்றும் கலைக்கல்விக்கெனத் தனி நூல்களை வெளியிட்டது வரவேற்கத்தக்கது. கலைக்குத் தனிப் பாடவேளையும் வேண்டும். பிற பாடங்களுள் இடமும் வேண்டும். முன்னதற்கு நூல் வந்துவிட்டது. பின்னதற்கு வேண்டியது, கணிதம், இலக்கணம், அறிவியல் ஆகிய அந்தந்தப் பாடநூலின் ஆசிரியர் குறிப்பிலேயே, அப்பாடத்திற்குள் இயல்பாக உறையும் கலைக்கூற்றை இரண்டு மூன்று ஏவல் வினைகளால் சுட்டுவதாகும். அது தனிக் கையேட்டினும் அளவில் சிறியது, செலவில் குறைந்தது, ஆனால் அன்றாட வகுப்பின் நடுவே நிற்பது.

அவ்வினைகளை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர் பெயர்ப்பதினும், ஒவ்வொரு மொழியிலும் அம்மொழி ஆசிரியர்களோடு அமர்ந்து எழுதுவதே தக்கது. மூலம், மொழிபெயர்ப்பு என்னும் பாகுபாடே இப்பணியில் தேவையற்றதாகும் நிலை வருமாயின், மொழிபெயர்ப்பாளர் தம் பணியை நிறைவாகச் செய்தவராவர்.